சமுதாயக் கூடத்து அண்டாக்கள்

எல்லாருக்கும் பொது என்று ஒரு பொருளைச் சொல்லிவிட்டால் அது எல்லாருடையதும் ஆகிவிடுமா, இல்லை யாருடையதுமே இல்லாமல் போய்விடுமா? இருளாயியின் வாழ்க்கையை நினைக்கும்போது இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அவர் இப்படியெல்லாம் கேட்டவர் இல்லை. யாராவது கேட்டிருந்தாலும், “வேற வேல இல்லையாய்யா ஒங்களுக்கு” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, எழுபதுகளின் நடுவில், கணவர் முத்துமணியோடும் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடும் ஓசூருக்கு வந்தவர் அவர். கம்பெனிகளின் சுற்றுச்சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். முத்துமணி அஸ்திவாரம் தோண்டினார். இருளாயி சித்தாளாகக் கலவை சுமந்தார். வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத உடம்புக்கு இந்த ஊரின் மார்கழிக் குளிர் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது. சிமெண்டுச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் குழந்தைக்குப் போர்த்தினாராம். எந்த ஆளுங்க என்று உள்ளூர்ப் பெண்கள் கேட்டால், வெளியூர் ஆளு என்பார். இங்கே அது சாதிப் பெயர் போலவே வழங்கியதால் மேற்கொண்டு யாரும் துருவவில்லை.

அப்போது ஊருக்கு நகராட்சி வரவில்லை, பேரூராட்சிதான். ஆண்டுதோறும் குடியரசு நாளன்று அலுவலக வாசலில் கொடியேற்றி, மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால், கடந்த ஆண்டில் செய்து முடித்த பணிகளைச் செயல் அலுவலர் வாசிப்பார். எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குச் சாக்கடை, எங்கே புதிய குழாய். கேட்க நிற்பவர்களில் பாதிப் பேர் மிட்டாய்க்கு வந்த பிள்ளைகள். மற்றவர்கள், அதில் எந்த விளக்கு எரியவில்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதற்காக நின்றவர்கள். ஓர் ஆட்சி தன் செயலைத் தானே வாசிப்பதைக் கேட்டு நெகிழும் மனம் எனக்கும் வாய்க்கவில்லை. நன்றி என்பது பெற்றவர் வாயிலிருந்து வர வேண்டியது. கொடுத்தவர் எழுதிக்கொடுத்து வாங்குவது வேறு ஏதோ ஒன்று.

ஆனால் 1982-ஆம் ஆண்டு வாசித்த அறிக்கையில் ஒரு வரி பொருள் உள்ளதாக இருந்தது. ஏரிக்கரைக்குப் போகும் வழியில் சமுதாயக் கூடம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது என்ற வரி. கம்பெனி ஆட்கள் இருந்ததெல்லாம் ஒரே அறை உள்ள லைன் வீடுகளில். கல்யாணம் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். கூட வேலை செய்கிறவர்களுக்கு லீவு கிடைக்காது. பத்தாண்டு பக்கத்து மெஷினில் நின்றவன் கல்யாணத்தைப் பார்க்காமலே போவான். உள்ளூர்க்காரர்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். மழை வந்தால் இலையோடு எழுந்து ஓடினார்கள். இந்த நிலையில் தலைக்கு மேல் ஒரு பொதுக் கூரை என்பது சிறிய விஷயமில்லை.

அந்தக் கூரைக்கும் இருளாயி கலவை சுமந்திருக்கிறார். வேலை பாதியில் இருக்கும்போது முத்துமணி மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கட்டடம் முடிந்ததும் செயல் அலுவலர் பாஸ்கரன், கூடத்தைப் பெருக்கித் துடைத்துக் காவல் இருக்கும் வேலையை இருளாயிக்கே கொடுத்தார். சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் அவரும் மகள் செல்லியும் இருந்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்.

பாஸ்கரன் இன்னொன்றும் செய்தார். பாத்திரத்துக்கு ஜனங்கள் அலைய வேண்டாம் என்று சேலத்திலிருந்து பித்தளை அண்டாக்களும் குண்டான்களும் கரண்டிகளும் வரவழைத்துச் சமையல்கட்டில் அடுக்கிவைத்தார். ஊருக்கெல்லாம் ஒரே செட். யோசித்துச் செய்தாரா யோசிக்காமல் செய்தாரா என்று தெரியாது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார் என்று சிலர் சொன்னார்கள்.

கூடத்தில் நடந்த முதல் கல்யாணம் குலாம் ரசூலின் மகள் சபீஹாவுடையது. குலாம் ரசூல் சந்தை வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். பித்தளையில் உள்ளே ஈயம் தேய்ந்துபோனால் களிம்பு ஏறிச் சாப்பாடு கசக்கும். அதனால் ஊரில் எல்லா வீட்டுப் பாத்திரமும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். கல்யாணம் நன்றாக நடந்தது. பிரியாணி ஊர் முழுக்க மணத்தது. வந்தவர்கள் கூடத்தையும் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை இருளாயி தன் வாழ்நாளின் மிகப் பெரிய தவறைச் செய்தார். அது முழுக்க முழுக்க நல்லெண்ணத்தில் செய்தது. தன் பொறுப்பில் வந்த பாத்திரம் என்ற பெருமையில், அண்டாக்களைத் தெருக்குழாயடிக்கு உருட்டிக்கொண்டுபோய்க் கை சிவக்கத் தேய்த்தார். தேய்த்ததோடு நிறுத்தவில்லை. தண்ணீருக்கு நின்ற பெண்களிடம் சொன்னார்:

“புளியப் போட்டு ஒரு வாட்டி, சாம்பலப் போட்டு ஒரு வாட்டி, செங்கப்பொடி போட்டு ஒரு வாட்டி தேச்சுட்டேன். கறி வாசம் மருந்துக்குக்கூட இல்ல. நம்பலைன்னா வந்து மோந்து பாருங்க.”

யாரும் மோந்து பார்க்கவில்லை. ஆனால் செய்தி போய்விட்டது. ஓசூரில் ஒரு செய்தி ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூன்று மொழி மாறும், மாறும்போது ஒவ்வொரு மொழியிலும் கொஞ்சம் பெருக்கும். அதுவரை அண்டாவைப் புது அண்டாவாக மட்டுமே பார்த்திருந்தவர்கள் இப்போது கறி ஆக்கிய அண்டாவாகப் பார்த்தார்கள். சென்னம்மா என்று ஒருவர். கன்னடம் பேசும் வீடு, பால் வியாபாரம், கறி சமைக்காத அடுப்பு. தன் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கூடத்தைக் கேட்டிருந்தவர், வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். கறி தின்கிற வீட்டார்கள் எந்தக் கறி என்று கேட்டார்கள். ஆட்டுக்கறிதான் என்று இருளாயி சொன்னபோது, அத்தனை வாட்டி தேய்த்தாயே ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள்.

மறுபக்கம் குலாம் ரசூலின் வீட்டில் ரோஷன் பீ அழுதார். தன் மகள் கல்யாணச் சோற்றை ஊர் நடுவில் அழுக்கு மாதிரித் தேய்த்துக் காட்டிவிட்டாள் என்றார். அவர்கள் சொந்தத்தில் அடுத்து வந்த கல்யாணங்கள் பள்ளிவாசல் பக்கத்துத் திடலிலேயே நடந்தன.

ஒரு வருடம் கூடம் பூட்டிக் கிடந்தது. சொட்டு மருந்து கொடுத்தார்கள், ஒரு மழைக்குச் சிமெண்டு மூட்டை அடுக்கினார்கள், அவ்வளவுதான். அடுத்த குடியரசு நாள் அறிக்கையில் கூடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கொடி இறக்கிய பிறகு பாஸ்கரன் இருளாயியைக் கூப்பிட்டார். ஒரு கம்பெனி சரக்கு வைக்கக் கூடத்தை வாடகைக்குக் கேட்கிறது என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சங்கடத்தோடுதான் சொன்னார்.

“பூட்டுன கூடத்துக்குக் காவல்னு சம்பளம் எழுதுனா மேல என்னத்தான் கேப்பாங்க, இருளாயி. மார்ச்சு வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நாலு கல்யாணம் நடந்தா கூடம் இருக்கும். இல்லன்னா கொடோன்தான்.”

கொடோனுக்குக் கம்பெனி தன் காவல்காரனை வைத்துக்கொள்ளும். அறை போகும். முத்துமணி இல்லாமல் முதுகுளத்தூருக்குத் திரும்பிப் போவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. செல்லி நான்காம் வகுப்பில் இருந்தாள்.

இருளாயி குலாம் ரசூலின் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே ரோஷன் பீ நின்றிருந்தார்.

“வாம்மா. கை கழுவிட்டு வந்தியா, எங்க வூட்டுல வந்துதான் கழுவணுமா? புளி இருக்குது, சாம்பல் இருக்குது, செங்கல்லு வேணும்னா சுவத்துல இருந்து பேத்துக்க.”

உள்ளேயிருந்து குலாம் ரசூல், வந்தவங்கள உக்கார வையி என்று சொன்ன பிறகு இருளாயி திண்ணை ஓரமாக உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் யோசித்து வந்த திட்டத்தைச் சொன்னார். அது இன்னொரு தவறு. அன்றைக்கு அண்டாவில் வெறும் சர்க்கரைச் சோறும் பருப்பும்தான் ஆக்கியது, பிரியாணியை வேறு பாத்திரத்தில் வெளியில் ஆக்கிக்கொண்டுவந்தோம் என்று சென்னம்மாவிடம் பாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

குலாம் ரசூல் எழுந்து வாசலுக்கு வந்தார்.

“எம் பொண்ணு கல்யாணத்துல அண்டா அண்டாவா பிரியாணி போட்டேன். இப்ப நானே வூடு வூடாப் போயி, நான் பருப்புதான் போட்டேன்னு சொல்லணுமா? பொய்யின்றத வுடு. தின்னுட்டுப் போனவங்க என்னக் கஞ்சன்னு சொல்ல மாட்டாங்க?”

“மன்னிச்சுக்கங்கண்ணே. எனக்கு வேற வழி தெரியல.”

ரோஷன் பீ விடவில்லை. “அந்தச் சென்னம்மா வூட்டுப் பால் குண்டான்லருந்து நெய்ச் சட்டி வரைக்கும் ஈயம் பூசுறது யாரு? இவருதான. இவரு கையி உள்ள போயிட்டு வந்த பாத்திரத்துல சாமிக்கே பொங்கல் வெக்கிறாங்க. இவரு வூட்டுச் சோறு பட்ட பாத்திரம் மட்டும் ஆவாதா?”

வேகத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் இருளாயிக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப நம்ம அண்டாவுக்கும் பூசிக் குடுத்துருங்கண்ணே. அவுக எல்லாரும் பாக்க, நடு ரோட்டுல வச்சு.”

“நான் பூசுனா போதும்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லலண்ணே. ஆனா ஈயம் பூசி வந்த பாத்திரத்துல முன்னாடி என்ன ஆக்குனீகன்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.”

குலாம் ரசூல், தணலுக்குத் துருத்தி அடிக்க ஆள் இல்லை, இருந்தவன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார். அது சம்மதம் என்று இருளாயிக்குப் புரிந்தது. தானே அடிப்பதாகச் சொன்னார்.

“அளவா அடி,” என்றார் ரோஷன் பீ. “கறி வாசம் போற வரைக்கும் அடிச்சுக்கினே இருக்காத.”

பாஸ்கரனிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பாத்திரம் பழுதுபார்த்தல் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார்.

சந்தை நாளாகப் பார்த்துக் கூடத்தின் முன்னால் குழி வெட்டிக் கரி போட்டார்கள். இருளாயி துருத்தியை அழுத்த, குலாம் ரசூல் அண்டாவைத் தணலில் சாய்த்துச் சுட்டார். பித்தளை சூடேறியதும், ஈயம் ஒட்டுவதற்கான நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்த்தார். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை எழுந்தது. அப்புறம் ஈயக் கட்டியை ஒரு தொடு தொட்டுத் துணியை ஒரே சுற்றாகச் சுழற்றினார். மஞ்சளாக இருந்த உள்பக்கம் வெளுத்துப் பளபளத்தது. சந்தைக்குப் போன ஜனம் நின்று பார்த்தது. இத்தனை முறை தேய்த்தேன் என்று சொல்ல அன்றைக்கு அவசியமே இருக்கவில்லை.

வழக்கமான இடத்தில் குலாம் ரசூல் இல்லை என்று தேடிக்கொண்டு பெண்கள் தங்கள் வீட்டுப் பாத்திரங்களோடு அங்கேயே வந்துவிட்டார்கள். சென்னம்மாவும் ஒரு குண்டானோடு வந்தார். அண்டா இறங்கிய அதே தணலில் அவருடைய குண்டான் ஏறியது. அண்டாவைத் துடைத்த அதே துணி அதற்குள்ளும் சுற்றியது. சென்னம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்டாவின் அருகே போய்க் குனிந்து, உள்ளே ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். இருளாயியிடம் மெதுவாகக் கேட்டார்.

“பங்குனில எந்தத் தேதி காலியா இருக்குது?”

“எல்லாத் தேதியும் காலிதாம்மா.”

“அப்படிச் சொல்லாத. கேட்டுனு நெறைய பேரு வர்றாங்கன்னு சொல்லு. காலியாக் கெடக்குற எடம்னா எங்க சம்பந்தி வூட்டுல என்னமோ ஏதோன்னு யோசிப்பாங்க.”

இருளாயி துருத்தியை விடாமலே சரி என்று தலையாட்டினார்.

பங்குனியில் சென்னம்மாவின் இளைய மகள் கல்யாணம் நடந்தது. அதைப் பார்த்து இன்னும் சிலர் கேட்டார்கள். நாலு கல்யாணத்துக்குத் தேதி எழுதியாயிற்று என்று பாஸ்கரன் ஒத்துக்கொண்டதால், மார்ச்சு முடிந்தும் கம்பெனிக்குக் கூடம் போகவில்லை. ஜவளகிரியிலிருந்து பெண் அழைத்துவந்த ஒரு வீட்டார், மழையில் நனையாமல் நடந்த எங்கள் குடும்பத்து முதல் கல்யாணம் இது என்று சொல்லி இருளாயிக்குப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் மகளுக்குக் காது குத்தினார். சொந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் இரண்டு ஷிப்டு ஆட்களும் வந்து பந்தி நிறைந்தது. மாமன் மடி வேண்டும் என்றபோது பக்கத்து மெஷின்காரர் உட்கார்ந்தார்.

இருளாயி ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். கடைசியாக யார் வீட்டுக் கல்யாணம் நடந்தது, என்ன ஆக்கினார்கள் என்று யார் கேட்டாலும், “பேரூராட்சி வீட்டுக் கல்யாணம்” என்பார். பேரூராட்சிக்கு எத்தனை மகள்கள் என்று கிண்டல் செய்வார்கள். எல்லாப் பாத்திரத்தையும், யார் ஆக்கியதானாலும், ஒரே ஒரு முறைதான் கழுவினார். இரண்டு ஆண்டு கழித்து ரோஷன் பீ தன் தங்கை மகளின் நிக்காஹுக்குக் கூடம் கேட்டு வந்தார். மறுநாள் காலை குழாயடியில் வந்து நின்று, இருளாயி கழுவுவதைக் கடைசி வரை பார்த்துவிட்டு, மிச்சமிருந்த கரண்டிகளைத் தானும் உட்கார்ந்து கழுவிக் கொடுத்தாராம்.

ஈயம் பூசியதற்கு அடுத்த குடியரசு நாளிலிருந்து அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. சமுதாயக் கூடத்துப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசப்பட்டது. முதல் தடவை வாசித்தபோது கூட்டம் சிரித்தது. இதுவும் ஒரு சாதனையா என்றார்கள். நானும் சிரித்தவன்தான். பிறகு வந்த ஆண்டுகளில், விளக்கும் சாக்கடையும் குழாயும் மாறி மாறி வந்தபோதும், அந்த வரி மட்டும் ஒருமுறைகூட விடுபடவில்லை என்பதைக் கவனித்தேன். ஈயம் ஓராண்டுதான் தாங்கும். தேயும். திரும்பப் பூச வேண்டும். மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியவற்றில், ஒருமுறை கண்டு தெளிந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையே அதிகம் தெரிகிறது. எங்கள் ஊரில் யாரும் எதையும் கண்டு தெளியவில்லை. சென்னம்மா கடைசி வரை குலாம் ரசூல் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. ஆனாலும் ஆண்டுக்கொருமுறை அண்டாக்கள் வெளுத்தன, ஊர் அதில் சமைத்துத் தின்றது. ஆண்டுச் சாதனை என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருளை நான் கண்டதில்லை. ஓர் அலுவலகத்துக்கு நன்றி சொல்வது எனக்கு எளிதில் வராது. அந்த ஒரு வரிக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஊர் நகராட்சியானது. செல்லி படித்து, கம்பெனி ஒன்றில் முதல் ஷிப்டுக்குப் போய்வந்தாள். அவளுக்குத் தர்மபுரிப் பக்கம் ஒரு லேத் வேலைக்காரர் மாப்பிள்ளையாக அமைந்தார். கூடத்தை இத்தனை காலம் காத்தவர் வீட்டுக் கல்யாணம் என்று, வாடகை எதுவும் வாங்க வேண்டாம் என நகராட்சியில் முடிவு செய்தார்கள். இருளாயி போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். வாழை மரம் தொரப்பள்ளியிலிருந்து யாரோ வெட்டி அனுப்பினார்கள். பால் முழுவதும் சென்னம்மா வீட்டிலிருந்து வந்தது. ஊரே தன் வீட்டுக் கல்யாணம் போல நடமாடியது.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை, பாகலூர் சாலையில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு வண்டி வந்து கூடத்தின் பின்வாசலில் நின்றது. அலுமினிய அண்டாக்கள், குண்டான்கள், கரண்டிகள். எல்லாவற்றையும் இருளாயி முன்னே நின்று இறக்கி, கழுவி, அடுப்படிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கூடத்தின் பித்தளை அண்டாக்கள் அந்த மாதம்தான் ஈயம் பூசி, சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சமையல்காரர் அவற்றைக் காட்டி ஏதோ கேட்டார். இதுல ஏத்துங்கய்யா என்று வாடகை அண்டாவைக் காட்டினார் இருளாயி.

பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசினார்கள். சம்பந்தி வீட்டார் கேட்டிருப்பார்கள் என்றார்கள். சம்பந்தி வீட்டாருக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. வாடகை வாங்காத இடத்தில் பாத்திரமும் எடுக்கக் கூசியிருப்பார் என்றார்கள். கூசியவர் கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாரே என்று அதையும் மறுத்தார்கள். முதலில் வந்தபோது கேட்ட ‘எந்த ஆளுங்க’ என்ற கேள்வி மட்டும் அப்போதும் யார் வாயிலும் வரவில்லை. குலாம் ரசூல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, செல்லியின் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார். அவர் எதுவும் கேட்கவில்லை.

ரோஷன் பீ கேட்டார். பந்தியில் இருளாயி, இந்த ஊர்ப் போளியான ஒப்பட்டுத் தட்டோடு எதிரே வந்தபோது முந்தானையைப் பிடித்து நிறுத்தி, “ஏம்மா, ஊருக்கெல்லாம் அதுல ஆக்கிப் போட்டியே, ஒம் பொண்ணுக்கு ஏன் ஆக்கல?” என்றார்.

இருளாயி அவர் இலையில் ஓர் ஒப்பட்டை வைத்து, நெய்யை ஊற்றி, அடுத்த இலைக்குப் போனார்.